அன்னபூர்ணா பாதை டீஹவுஸ்கள்: அறையை விடுங்கள், அடுப்பைப் பாருங்கள்

நேபாளத்தில் அன்னபூர்ணா பேஸ் கேம்ப் போகும் வழியில் இருக்கிற டீஹவுஸ்களை (நடந்து ஏறுகிறவர்கள் தங்கிச் சாப்பிடும் சின்ன விடுதிகள்) பற்றி எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அறையைப் பற்றித்தான் புலம்புகிறார்கள். பலகைச் சுவர், பக்கத்து அறைக்காரர் புரண்டு படுத்தால் நமக்குக் கேட்கிறது, கழிப்பறை வெளியே, விடிகாலையில் பார்த்தால் வாளித் தண்ணீர் மேல் பனிக்கட்டி. எல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அறைக்கு நாம் கொடுப்பது சில நூறு நேபாள ரூபாய், அதுவும் ராத்திரிச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அங்கேயேதான் சாப்பிட வேண்டும் என்கிற பேச்சோடு. வெளியே சாப்பிட்டுவிட்டுப் படுக்க மட்டும் வந்தால் வாடகை ஏறிவிடும். ஆக, அவர்கள் பிழைப்பு கட்டிலில் இல்லை, சமையற்கட்டில் இருக்கிறது. நான் மதிப்பெண் போடுவதும் அதற்குத்தான்.

முதலில் விலை. 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், 1993 முதல் அதே கணக்கு, அதனால் மனக்கணக்கு சுலபம். கீழே ஜினு, சோம்ரோங் ஊர்கள் பக்கம் 500, 600 நேபாள ரூபாய் என்று இருக்கிற தால் பாத் (பருப்பும் சோறும்) 4,130 மீட்டர் உயரத்தில் இருக்கும் பேஸ் கேம்பில் 900 வரை போய்விடுகிறது. இதைப் பார்த்து "கொள்ளை" என்று எழுதுகிறவர்கள், வழியில் எதிரே வரும் சுமைக்காரர்களைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு, அரிசி மூட்டை, முட்டை அட்டைகள், சில நேரம் முழு கேஸ் சிலிண்டர் என்று சுமந்துகொண்டு ஏறுகிறார்கள். சோம்ரோங் 2,170 மீட்டர்தான், அங்கிருந்து நிகரமாகவே இரண்டாயிரம் மீட்டருக்குச் சற்றுக் குறைவு, நடுவில் ஆற்றுக்கு இறங்கி மறுபடி சினுவாவுக்கு ஏறும் கல்படிகள் தனி. விலையை ஒவ்வொரு விடுதியும் இஷ்டத்துக்கு வைப்பதும் இல்லை, ஒரே பகுதியில் இருக்கிற விடுதிகளெல்லாம் கூடிப் பேசி ஒரே அச்சடித்த மெனுவை வைத்திருக்கிறார்கள், பக்கத்து விடுதியில் மலிவாகக் கிடைக்குமா என்று அலைவது வீண். இந்தப் பகுதிக்குள் நுழைகிற அனுமதிச் சீட்டில் சார்க் (தெற்காசிய) நாட்டுக்காரர்களுக்குச் சலுகை உண்டு (மற்றவர்களுக்கு 3000, நமக்கு 1000), டீஹவுஸ் மெனுவில் அப்படி எதுவும் கிடையாது. ஒரு கோப்பை டீக்கு நம் ஆட்கள் சிலர் பேரம் பேசியதைப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து கேட்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

இப்போது சாப்பாடு. மெனுவைத் திறந்தால் பீட்ஸா, பாஸ்தா, ஆப்பிள் பை, ஸ்பிரிங் ரோல், பொரித்த சாக்லேட் என்று நான்கு பக்கம் இருக்கும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். மேலே தேவ்ராலி என்ற இடத்தில் கூட வந்த நண்பர் பீட்ஸா கேட்டார், வந்தது தடித்த சப்பாத்தி மேல் தக்காளி சாஸும் கொஞ்சம் சீஸும். சமைக்கிறவர் மேல் குற்றமில்லை, அவருக்கு அது வேண்டாத வேலை, நமக்கும்தான். தால் பாத் அப்படியில்லை. சோறு, பருப்பு, உருளைக்கிழங்கும் கீரையும் கலந்த தரகாரி, ஓர் ஊறுகாய், அப்பளம். தட்டு காலியாகும்போது தீதி (அக்கா, விடுதி நடத்தும் பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) தானாக வந்து சோறும் பருப்பும் போடுவார், போதும் போதும் என்று தட்டை மறைத்தால்தான் விடுவார். கீரையும் குந்த்ருக்கும் (புளிக்க வைத்துக் காயவைத்த கீரை, சூப்பில் நன்றாக இருக்கும்) இடத்துக்கு இடம் மாறும். ஜிம்பு என்று வெங்காயத்தாள் மாதிரி ஓர் உலர்ந்த இலை இருக்கிறது, அதை நெய்யில் கருக்கிப் பருப்பில் கொட்டியிருந்தால் அந்த விடுதிக்கு என்னிடம் ஒரு நட்சத்திரம் கூடுதல். வழியில் பாம்பூ என்ற இடத்தில் ஒரு சின்ன விடுதியில் அப்படிக் கிடைத்தது, அந்தப் பருப்புக்காகவே இறங்கும்போதும் அங்கேதான் மதியம் உட்கார்ந்தோம்.

ஒரு விஷயம், பொறுமை வேண்டும். பேஸ் கேம்ப் உயரத்தில் தண்ணீர் 86 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், அதற்குமேல் சூடு ஏறாது, திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. எல்லாச் சமையற்கட்டிலும் குக்கர் விசில்தான். ஒரு மணி நேரம் ஆகும், அதனால்தான் சாயங்காலமே ஒரு நோட்டைக் கொண்டுவந்து ராத்திரி என்ன, காலையில் என்ன, எத்தனை மணிக்கு என்று எழுதச் சொல்கிறார்கள். எல்லோரும் தால் பாத் சொன்னால் ஒரே அடுப்பில் சீக்கிரம் முடியும், ஆளுக்கு ஒன்று சொன்னால் எரிபொருளும் நேரமும் போகும். காலைக்கு குருங் ரொட்டி சொல்லுங்கள், எண்ணெயில் பொரித்த கனமான பூரி மாதிரி இருக்கும், தேனோடு சாப்பிட்டால் மதியம் வரை பசிக்காது.

சைவக்காரர்களுக்கு இது சொர்க்கம். சோம்ரோங் தாண்டினால் கறி கிடையாது, அந்தப் பள்ளத்தாக்கைப் புனிதமாக நினைக்கிறார்கள். எதிரே நிற்கிற மச்சபுச்ரே சிகரமும் அப்படித்தான், உயரம் 6,993 மீட்டர், 1957-இல் ஒரு பிரிட்டிஷ் குழு உச்சிக்குக் கொஞ்சம் கீழே வரை போய்த் திரும்பியது, அதற்குப் பிறகு ஏற அனுமதியே தருவதில்லை. ஆனால் முட்டை உண்டு, டின் மீன் போட்ட பீட்ஸாவும் மெனுவில் இருந்தது. அது எந்தக் கணக்கில் சேருமோ தெரியவில்லை.

சாப்பாட்டு அறை மேலே போகப் போக முக்கியமாகிவிடும், ஏனென்றால் சூடு அங்கே மட்டும்தான். நாங்கள் தங்கிய ஓரிடத்தில் பெரிய மேசையைச் சுற்றிக் கம்பளி தொங்கவிட்டு அடியில் அடுப்பு வைத்தார்கள், தலைக்கு இவ்வளவு என்று தனிக் காசு. கால் வெந்து முதுகு விறைக்கும், மண்ணெண்ணெய் வாடை வேறு. ஆனாலும் அந்தக் காசு எனக்கு உறுத்தவில்லை. வெந்நீர்க் குளியல், போன் சார்ஜ், வைஃபை, எல்லாவற்றுக்கும் தனித்தனி. பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் மேலே விற்பதில்லை, கொதிக்க வைத்ததையோ வடிகட்டியதையோ லிட்டர் கணக்கில் வாங்க வேண்டும். கையோடு குளோரின் மாத்திரை கொண்டுபோனால் இதில் நிறைய மிச்சம்.

இனி குறை. அக்டோபர், நவம்பரில் கூட்டம் தாங்காது. மேலே ஒரு விடுதியில் (பெயர் வேண்டாம்) எங்கள் வழிகாட்டி முந்தின நாளே போன் போட்டு அறை சொல்லி வைத்திருந்தார், நாங்கள் போய்ச் சேருவதற்குள் பெரிய குழு ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மன்னிப்பாவது கேட்டிருக்கலாம், "சாப்பாட்டு அறையில் படுங்கள்" என்று கம்பளியைத் தூக்கிப் போட்டதோடு சரி. கடைசி விருந்தாளி கிளம்புகிற வரை படுக்க முடியாது, விடிவதற்கு முன்னால் எழுப்பிவிடுவார்கள். சுமைக்காரர்கள் பருவம் முழுக்க அந்தப் பெஞ்சுகளில்தான் தூங்குகிறார்கள், நமக்குக் கடைசிக் கரண்டி சோறு போட்ட பிறகுதான் அவர்களுக்குத் தட்டு வருகிறது. அந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கவே இல்லை. முடிந்தால் சீக்கிரம் சாப்பிட்டு இடத்தைக் காலி செய்யுங்கள்.

இவ்வளவு சொன்னாலும், மெனுவில் இல்லாத ஒன்றுக்குத்தான் நான் அதிக மதிப்பெண் தருவேன். தேவ்ராலியை ஒட்டிய பாதையில் ஹியுஞ்சுலி சிகரத்துப் பக்கச் சரிவிலிருந்து பனி சரிந்து விழும், 2020 ஜனவரியில் தேவ்ராலி அருகே நான்கு கொரியர்களும் மூன்று நேபாளிகளும் இறந்தார்கள். வெயில் ஏறினால் ஆபத்து கூடும். நாங்கள் அந்தப் பாதையைக் கடப்பதற்கு முந்தின இரவு, தங்கியிருந்த விடுதித் தீதி ஆர்டர் நோட்டில் எங்கள் காலைச் சாப்பாட்டு நேரத்தை அடித்து, இரண்டு மணி நேரம் முன்னால் மாற்றி எழுதினார். நாங்கள் முணுமுணுத்தோம், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பனி விழுந்த மறுநாள் வந்திருந்த வேறு ஒரு கூட்டத்தை இன்னும் ஒரு நாள் இருந்து போகச் சொன்னார், அதனால் அவருக்கு வருமானம்தானே என்று யாராவது நினைக்கலாம், ஆனால் அன்று அவரிடம் காலி அறையே இல்லை, சாப்பாட்டு அறையில் இடம் ஒதுக்கித்தான் நிறுத்திவைத்தார்.

மொத்தத்தில் சாப்பாட்டுக்கு ஐந்துக்கு நாலரை, அறைக்கு இரண்டு, பெரிய குழு வந்தால் சின்னக் குழுவைத் தள்ளிவிடும் பழக்கத்துக்குச் சுழியம். வயதானவர்களோடு போவதானால் மார்ச், ஏப்ரலில் போங்கள், ஜினு வெந்நீர் ஊற்றோடு நிறுத்திக்கொண்டாலும் நஷ்டமில்லை. பணத்தைக் கீழே போக்கரா நகரத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள், மேலே ஏடிஎம் கிடையாது, சில்லறை நோட்டாக வைத்திருந்தால் தீதிகள் சந்தோஷப்படுவார்கள்.