டிராவல் டிரெய்லர் பேரிங்: கழற்றிக் கையால் கிரீஸ் ஏற்றுவதா, நிப்பிளில் அடிப்பதா?

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிராவல் டிரெய்லரில், ஸ்பிண்டில் (சக்கரம் சுழலும் அச்சுத் தண்டு) நுனியில் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் செலுத்தும் சிறு முனை) உள்ள ஆக்சிலை வைத்திருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் வரும் கேள்வி இது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கழற்றித்தான் ஆக வேண்டும்.

நேரம், சௌகரியம் இரண்டிலும் நிப்பிள்தான் ஜெயிக்கும். ரப்பர் மூடியை நீக்கி கிரீஸ் கன்னை மாட்டினால் சில நிமிடங்களில் ஒரு சக்கரம் முடிந்துவிடும். கழற்றினால் அரை நாள் போகும், கையெல்லாம் கிரீஸ். இதில் வாதமே இல்லை.

விஷயம் இருப்பது பிரேக்கில். நிப்பிளில் அடிக்கும் கிரீஸ் ஸ்பிண்டிலின் நடுத்துளை வழியாகப் பின்பக்கம் போய், சீலுக்கும் (கிரீஸ் கசியாமல் தடுக்கும் வளையம்) உள் பேரிங்குக்கும் நடுவே வெளிவருகிறது. பிறகு உள் பேரிங், ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) குழி, வெளி பேரிங் என்று முன்னோக்கி வந்து நிப்பிளைச் சுற்றி எட்டிப் பார்க்க வேண்டும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கையால் சுற்றிக்கொண்டே, மெதுவாக அடித்தால்தான் இது ஒழுங்காக நடக்கும். சுற்றாமல் அடித்தாலோ, பவர் கன்னால் வேகமாக அடித்தாலோ அழுத்தம் பின்னால் சீலில் போய் முட்டும். சீலைத் தாண்டினால் அடுத்தது பிரேக் ஷூவும் மின்பிரேக்கை இயக்கும் மேக்னெட்டும்தான். ஷூவின் உரசும் பட்டையான லைனிங் கிரீஸைக் குடித்துவிட்டால் கழுவிப் பயனில்லை. அந்த ஆக்சிலின் இரு பக்க ஷூவையும் சேர்த்து மாற்றுவதே சரி. வெளியிலிருந்து பார்த்தால் சக்கரம் சுத்தமாகவே தெரியும். டிரம்மைக் கழற்றாமல் கண்டுபிடிக்கவே முடியாது என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

டபுள் லிப் (இரட்டை விளிம்பு) சீல் நல்ல நிலையில் இருந்து, பொறுமையாக அடிப்பவர் கையில் பல ஆண்டு கசியாத ஆக்சில்களும் உண்டு. அதை மறுக்கவில்லை. ஆனால் அவர்களும் பேரிங்கின் முகத்தைப் பார்ப்பதில்லையே? மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தால் ரோலர் எல்லாம் சொல்லிவிடும். நீலம் பாரித்திருந்தால் அதிகச் சூடு. ரோலர் இடைவெளிக்கு ஏற்பக் கப்பில் (ரோலர்கள் ஓடும் வெளி வளையம்) வரிவரியாகக் கறை இருந்தால், தண்ணீர் புகுந்து, நின்ற இடத்திலேயே அரித்திருக்கிறது. பொடிப்பொடியாகப் பெயர்ந்திருந்தால் ஆயுள் முடிந்தது. எதுவானாலும் பேரிங்கையும் கப்பையும் ஜோடியாகவே மாற்றுங்கள். கழுவிய பேரிங்கைக் காற்றழுத்தத்தால் சுழலவிடாதீர்கள், ரோலர் தெறிக்கும்.

கிரீஸ் ஏற்றுவது: உள்ளங்கையில் ஒரு உருண்டை என்எல்ஜிஐ 2 தர (கிரீஸின் கெட்டித்தன்மை அளவு) லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸ். பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள். குறுகிய பக்கத்தில் ரோலர்களுக்கிடையே கிரீஸ் பிதுங்கி வரவேண்டும். அப்படியே ஒரு சுற்று. பழையது வேறு வகைக் கிரீஸ் என்றால் முழுதும் கழுவியெடுங்கள், கலக்கவேண்டாம். சீல் ஒவ்வொரு முறையும் புதிது.

பலரும் கோட்டைவிடுவது ஹப்பைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிண்டில் நட்டில்தான். ஹப்பைச் சுற்றிக்கொண்டே சுமார் 68 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, பேரிங்குகளை உட்காரவைத்து, பிறகு நட்டை முழுதும் தளர்த்துங்கள். ஹப்பை அசைக்காமல் விரலால் மட்டும் திருகி நிறுத்தி, நட் கழலாதபடி காட்டர் பின்னோ பூட்டு வாஷரோ போடுங்கள். 0.025 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்கத்தான் வேண்டும். ‘கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும்’ என்று வைத்த பேரிங்தான் வழியில் வெந்துபோகும்.

ஒரு முறை கழற்றியதற்கும் அடுத்த முறைக்கும் இடைப்பட்ட காலத்தில், வண்டியை நிறுத்தும்போதெல்லாம் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் எல்லா ஹப்பையும் அளந்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அதைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள்: உறுமினால் பேரிங், உரசினால் பிரேக் ஷூ. மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது டக்கென்று தட்டினால் நட் தளர்ந்திருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம்.

படகு டிரெய்லர் கணக்கு வேறு. தண்ணீரில் அடிக்கடி மூழ்கும் ஹப்புக்கு இடையிடையே கிரீஸ் தள்ளுவது நியாயமானது. சாலையில் மட்டும் ஓடும் டிரெய்லருக்கு 12 மாதம் அல்லது சுமார் 19,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அப்போது கழற்றினால் போதும். நடுவில் நிப்பிளைத் தொடவே வேண்டாம்.

சக்கரத்தைத் திரும்ப மாட்டியபின், முதல் 15, 40, 80 கிலோமீட்டரில் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபாருங்கள்.