மாச வருமானம் எவ்வளவு என்று கேட்கும் பட்ஜெட் ஆப்

அக்கா பையன் கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறான். புதுசாக பட்ஜெட் ஆப் ஒன்று விட்டிருக்கிறார்கள். "மாமா, உங்க ஊர்ல நாலு பேர்கிட்ட சொல்லுங்க, ஆள் சேர்க்கணும்" என்றான். சொல்வதற்கு முன்னால் நானே 3 மாதம் ஓட்டிப் பார்த்தேன். கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை, ரோட்டோரம் ஒரு டீக்கடை, இதுதான் நம் வரவு.

சிக்னல் போனாலும் கணக்கு ஏறுகிறது. மலையில் இருப்பவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். தமிழும் படிக்கிற மாதிரி இருக்கிறது.

வம்பு முதல் கேள்வியிலேயே: மாச வருமானம் எவ்வளவு? காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. தேயிலை ஃபேக்டரிக்குப் பச்சைக் கொழுந்து போடுகிறவன் என்ன எழுதுவான்? குன்னூர் ஏலத்தில் தூள் போன விலையை வைத்து தேயிலை வாரியம் மாதா மாதம் ஒரு விலை சொல்லும், அதற்கு அப்புறம்தான் ஃபேக்டரியில் கணக்கு, அதிலும் முன்பே வாங்கிய அட்வான்ஸைக் கழித்துக்கொண்டுதான் மீதி வரும். ஜனவரி பனியில் கொழுந்து கருகினால் அந்த மீதியும் இல்லை. சரி என்று 12,000 போட்டுவைத்தேன். அட்வான்ஸ் வந்த எஸ்எம்எஸ்ஸைப் படித்துவிட்டு "வருமானம் கூடியிருக்கிறது, வாழ்த்துகள்!" என்கிறது. அது கடன் ஐயா! பறிக்கிற பெண்களுக்குக் கையில் கொடுத்த கூலியெல்லாம் 'இதர செலவு'. வரவில் தேவைக்கு 50, விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கு 20 சதவீதம் என்று பிரிக்கிற அந்த 50-30-20 கணக்கில் உர மூட்டை 'விருப்பச் செலவு' பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. உரம் போட யாருக்கய்யா விருப்பம்?

கடைசியில் அதை ஒழுங்காகப் பயன்படுத்துவது என் வீட்டுக்காரிதான். மகளிர் குழுத் தவணை, சீட்டு, பால்காரர், எல்லாம் நாளும் தொகையும் மாறாத செலவு. முந்தின நாளே ஞாபகப்படுத்துகிறது, ஒரு தவணைகூடத் தவறவில்லை.

அதனால் பையனிடம் சொன்னேன்: "மாப்ள, தோட்டக்காரன்கிட்ட வராதே. அருவங்காடு வெடிமருந்து ஃபேக்டரியில மாசச் சம்பளத்துக்கு வேலை பாக்கறவங்க, பள்ளிக்கூட வாத்தியாருங்க, எங்க ஊர் மகளிர் குழுக்கள், இவங்ககிட்ட போ. ஊட்டியில ரூம் விடறவங்களும் டாக்ஸி ஓட்டறவங்களும் வேணும்னா, ஏப்ரல் மே சீசன்ல வர்ற காசை 12 மாசத்துக்குப் பிரிச்சுக் காட்டற மாதிரி ஒண்ணு செஞ்சுட்டு வா."

யோசிக்கிறானாம். இப்போதைக்கு 3 ஸ்டார், அதில் இரண்டு வீட்டுக்காரி கொடுத்தது.