கேரவனை நகர்த்த எது: கை நெம்பு ரோலரா, பட்டன் ரோலரா, முன்சக்கர மோட்டாரா?

பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறை ரோட்டில் இருந்து எங்கள் தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்ட வீட்டுக்கு, வரும் இட்டேரியில் கடைசி 40 மீட்டர் இருக்கிறதே, அதுதான் என்னை இந்தச் செலவில் இழுத்துவிட்டது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு முடுக்குத் திருப்பம். பொலேரோவின் பின்னால் கேரவனைக் கோத்துக்கொண்டு முடுக்கு வரைக்கும் வந்துவிடலாம். அதற்கு மேல் ரிவர்ஸ் எடுத்தால் பொலேரோ ஒரு பக்கம் பார்க்கும், கேரவன் வேலியைப் பார்க்கும். கழற்றிவிட்டு ஆள் வைத்துத்தான் தள்ளினோம், இரண்டு வருஷம். தேங்காய் பறிக்க வந்தவர்கள், பால்காரர், பக்கத்துத் தோட்டத்து மாமா என்று கைக்குக் கிடைத்தவர்களை எல்லாம் கூப்பிட்டதில், கடைசியில் என்னைக் கண்டாலே ஆட்கள் வேறு தடத்தில் போக ஆரம்பித்தார்கள்.

கேரவன் என்றதும் ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்காரும் வண்டியை நினைக்க வேண்டாம். 2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்த பிறகு வாகமண் பக்கம் நிற்கும் வண்டிகளும் வேறு. அவை சொந்த எஞ்சினில் ஓடுபவை. நான் சொல்வது எஞ்சின் இல்லாத, காரின் கொக்கியில் மாட்டி இழுக்கிற ஒற்றை அச்சு வண்டி. என்னுடையது கோவையில் ஒரு பாடி கட்டும் பட்டறையில் செய்தது, சாமான் ஏற்றினால் 1,100 கிலோ. இதைக் காரில் இருந்து கழற்றிய பிறகு தானாக நகரவைக்கிற மோட்டார் சாதனம்தான் ‘மூவர்’ (mover). வெள்ளைக்காரர்கள் வீட்டு வாசலிலும் முகாம் இடங்களிலும் கேரவனைத் திருப்பி நிறுத்த இதை வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் ட்ரூமா, ரைஷ், அல்கோ, இங்கிலாந்தின் பவர்டச் எல்லாம் இதில் தெரிந்த பெயர்கள்.

எங்கள் வட்டத்தில் நான்கு பேரிடம் மூவர் இருக்கிறது. என்னிடம் இருப்பது கையால் நெம்பி மாட்டுகிற ரோலர். மறையூரில் இருக்கும் மச்சானிடம் பட்டன் அழுத்தினால் தானே மாட்டிக்கொள்ளும் ரோலர். கோவிந்தாபுரத்தில் டிபன் ட்ரெய்லர் வைத்திருக்கும் நண்பரிடம் முன்சக்கர மோட்டார். இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கும் தம்பியிடமும் பட்டன் ரோலர்தான். எங்கள் மூன்று பேருக்கும் வெளிநாட்டில் இருந்து தருவித்துக் கொடுத்தவனும் அவனே. கடைக்காரர்கள் சொல்வது வேறு, நாங்கள் பட்டது வேறு என்பதால் எழுதுகிறேன்.

ரோலர் வகை எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சேசிஸின், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தின், அடியில் இரண்டு டயருக்கும் பக்கத்தில் ஒவ்வொரு 12 வோல்ட் மோட்டார் தொங்கும். அதன் முனையில் பல்லுப்பல்லாக இருக்கும் ஓர் அலுமினிய உருளை. வேண்டும்போது அதை டயரின் மேல் அழுத்தி மாட்டினால், உருளை சுற்ற டயரும் சுற்றும். ஒரு மோட்டார் முன்னால், இன்னொன்று பின்னால் ஓடினால் கேரவன் நின்ற இடத்திலேயே திரும்பும். முதல் தடவை பார்த்த பால்காரர் ரெண்டு நிமிஷம் பேசவே இல்லை. வேகம் நிமிஷத்துக்குச் சுமார் 10 மீட்டர், நத்தையை விடக் கொஞ்சம் மேல். ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தால் போதும்.

முன்சக்கர மோட்டார் அப்படி இல்லை. கொக்கிக்குப் பக்கத்தில் கேரவனைத் தாங்கி நிற்கும் சின்னச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, மோட்டார் வைத்த சக்கரத்தை மாட்டுவது. சேசிஸில் கை வைக்க வேண்டியதில்லை, அரைமணி வேலை, விலையும் குறைவு. கோவிந்தாபுரம் நண்பர் ராத்திரி கடை சாத்தியதும் 700 கிலோ ட்ரெய்லரைத் தனி ஆளாகச் சிமெண்ட் தரையில் சுவரோரம் ஒதுக்குவார். அந்த இடத்துக்கு அதை அடிக்க வேறொன்றில்லை. ஆனால் அதை இரவல் வாங்கிவந்து எங்கள் இட்டேரியில் போட்டபோது சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி தோண்டியது. காரணம் எளிது. வண்டியின் பாரம் எல்லாம் நடு அச்சில் இருக்கிறது. கொக்கிப் பக்கம் இறங்குவது 50 முதல் 100 கிலோதான். அந்தப் பாரம் கொடுக்கிற பிடிப்பை வைத்து முழு வண்டியையும் இழுக்கச் சொன்னால் பாவம் அது என்ன செய்யும்? ரோலரில் அந்தச் சிக்கல் கிடையாது, பாரம் இறங்குகிற சக்கரமே ஓட்டுகிற சக்கரம்.

அதற்காக ரோலர் எங்கேயும் போகும் என்று நினைத்தால் எங்கள் மண் அதற்குப் பதில் வைத்திருக்கிறது. கேரளா என்றால் செம்மண்ணும் சரளைக்கல்லும்தான் என்பார்கள். சித்தூர் தாலுகாவின் கிழக்கில் எங்களுக்கு வாய்த்தது கரிசல். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். மழை பெய்தால் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், ஒரு நாள் ரோலரை மாட்டிக் கிளப்பினேன். முதல் 5 மீட்டர் ஜம்மென்று போனது. அப்புறம் டயரில் அப்பிய களி உருளைக்கும் டயருக்கும் நடுவில் புகுந்து, பல் எல்லாம் அடைத்து, உருளை மட்டும் வழுவழுவென்று சுற்றுகிறது, டயர் அசையவில்லை. குச்சியால் சுரண்டி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, டயருக்கு முன்னால் தென்னை மட்டையை வரிசையாகப் போட்டு ஏற்றினேன். மட்டை வேலை செய்கிறது. காய்ந்த மட்டை வேண்டாம், நொறுங்கிவிடும். பச்சையாக இருக்க வேண்டும்.

சமமான சிமெண்ட் தரையில் என் வண்டியை உருட்ட ஏறக்குறைய 20 கிலோ விசை போதும், ரெண்டு பேர் தள்ளினால் போய்விடும். 100 மீட்டருக்கு 15 மீட்டர் உயர்கிற ஏற்றத்தில் 160 கிலோவுக்கு மேல் வேண்டும். இளகிய மண்ணில் தரை சமமாக இருந்தாலும் மலை ஏறுகிற அளவுக்கு விசை கேட்கும். விளம்பரத்தில் ‘இத்தனை சதவீத ஏற்றம் ஏறும்’ என்று போடுவது கெட்டியான தரையை மனதில் வைத்துத்தான். எனவே எந்தக் கம்பெனி என்று கேட்கும் முன் வாங்குகிறவர் தன் வாசலைப் போய்ப் பார்ப்பது நல்லது. தம்பிக்கு வாசலில் தார்ரோடு, ஒரு நடைபாதை விளிம்பு, அவ்வளவுதான். அந்த நாலு விரல் விளிம்பைக்கூட அவன் மூவர் நேராக ஏறாது, பலகையைச் சாய்த்து வைத்துத்தான் ஏற்றுகிறான்.

சரி, கை நெம்பா பட்டனா? நாங்கள் அதிகம் சண்டை போட்டது இதில்தான். என்னுடையதில் ஒரு பக்கச் சக்கரத்தின் அருகே கம்பியைச் செருகி நெம்பினால் இரண்டு பக்க உருளையும் சேர்ந்து மாட்டும். மழையில் குனிய வேண்டும், முட்டி சேறாகும். மச்சானுக்கு அது இல்லை. ரிமோட்டில் பட்டனை அழுத்துவார், ‘ர்ர்ர்’ என்று சத்தம் வரும், மாட்டிக்கொள்ளும். போன தீபாவளிக்கு என்னைப் பார்த்து, “மாப்ளே, இன்னும் கம்பியத் தூக்கிட்டுத்தான் அலையறீங்களா?” என்று கேட்டார்.

கேட்டு மூன்று மாசம் ஆகவில்லை. மறையூரில் அவர் இடம் சரிவு. நிறுத்தி முடித்ததும் ஹேண்ட் பிரேக் போட்ட நினைப்பில் பட்டனை அழுத்தி உருளையை விடுவித்துவிட்டார். உருளை டயரைப் பிடித்திருக்கும் வரை வண்டி அசையாது. விட்டதும் உருண்டு, கொல்லையில் இருந்த பலாமரத்தில் போய்ச் சாய்ந்தது. அக்கா இரண்டு நாள் அவருடன் பேசவில்லை. மரத்துக்குப் பின்னால்தான் அக்காவின் சமையல் கட்டு. கை நெம்பில் இந்தத் தப்பு நடக்காது என்று சொல்லவில்லை. ஆனால் கொக்கிப் பக்கம் இருந்து கம்பியோடு சக்கரத்துக்கு நடந்து போகிறபோது பிரேக் போட்டோமா என்று ஒரு தடவை தலை திரும்பும். பட்டனுக்கு அந்த நடை இல்லை. முதலில் பிரேக், சக்கரத்துக்கு முட்டு, அப்புறம்தான் உருளையை எடுப்பது. மச்சான் இப்போது இதை எழுதி ரிமோட்டின் முதுகில் ஒட்டி வைத்திருக்கிறார்.

இன்னொன்று, பட்டன் வகையில் மாட்டுவதற்கென்றே தனியாகச் சின்ன மோட்டார் உண்டு. அவருடையதில் இடது பக்கத்தது ஒரு மழைக்காலம் முழுக்கச் சும்மா இருந்து இறுகிவிட்டது. ஒரு பக்கம் மாட்டுகிறது, மறுபக்கம் மாட்டவில்லை. கையால் விடுவிக்க வழி இருக்கிறது, ஆனால் அதற்கும் சேற்றில் படுத்துத்தான் ஆக வேண்டும். உதிரிப் பாகம் தம்பி அனுப்பி வர ஆறு வாரம். என்னுடையதில் ஒரு போல்ட் தேய்ந்தபோது வேலந்தாவளத்து லேத்காரர் அரை மணியில் கடைந்து கொடுத்தார். முதுகு வலி உள்ளவர்கள், தனியாக இருக்கிற வயசானவர்கள் பட்டனை வாங்கட்டும். மற்றவர்களுக்கு, அதுவும் நம் ஊரில், கை நெம்புதான் என்பேன். மச்சான் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பேட்டரியில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். கணக்குப் போட்டால் பயமே இல்லாததுபோலத் தெரியும். சமதரையில் 40 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தாலும் என் 40 மீட்டருக்கு 4 நிமிஷம், 3 ஆம்பியர்-அவர்கூட ஆகாது. 100 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு அது கொசுறு. ஆனால் ஏற்றத்திலோ சேற்றிலோ மூவர் ஒரே மூச்சில் 100 ஆம்பியருக்கு மேல் கேட்கும். பழைய பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும், அந்த இழுப்பில் சட்டென்று இறங்கும், மூவர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். நடுவழியில் நின்றால் மூவர் கெட்டுவிட்டது என்று நினைக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்து மோட்டாரைக் கழற்றினேன், வீண் வேலை.

மச்சான் வீட்டு இன்வெர்ட்டரில் இருந்து ஓய்வுபெற்ற 150 ஆம்பியர்-அவர் ட்யூபுலர் பேட்டரியைப் போட்டுப் பார்த்தார். அது ஃபேனையும் லைட்டையும் ராத்திரி முழுக்க மெல்ல ஓட்டுவதற்கென்று செய்த பேட்டரி. ஒரே இழுப்புக்கு வளையாது. போதாததற்கு 50 கிலோவுக்கு மேல் எடை. காரில் போடும் பேட்டரி ஒரு நிமிஷ இழுப்பைத் தாங்கும், ஆழமாக இறக்கி ஏற்றினால் சீக்கிரம் சாகும். நான் இப்போது போட்டிருப்பது 100 ஆம்பியர்-அவர் ஏஜிஎம், அதாவது ஆசிட் சிந்தாத மூடிய வகை பேட்டரி. லித்தியம் வாங்குகிறவர்கள் அதற்குள் இருக்கும் காவல் பலகை (பிஎம்எஸ்) எத்தனை ஆம்பியர் விடும் என்று கேட்டு வாங்குங்கள். 50 ஆம்பியர்தான் விடும் என்றால் முதல் மேட்டிலேயே அது கதவைச் சாத்திவிடும். வயர் தடிமனாக இருக்கட்டும். மூவருக்குப் போகும் கரண்ட்டை முழுவதும் நிறுத்த ஒரு ஐசொலேட்டர் சுவிட்சும் வேண்டும். தம்பிக்குக் குளிர்காலத்தில் நாலு மாசம் சும்மா கிடந்து பேட்டரி போகிறது. நமக்கு மார்ச், ஏப்ரல் வெயிலில் பெட்டிக்குள் வெந்து போகிறது.

மாட்டுகிற வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மூவர்களின் பிடிமானம் ஐரோப்பியச் சேசிஸ்களின் அளவுக்குச் செய்தது. நம் பட்டறைச் சதுரக் குழாயில் அப்படியே உட்காராது, தனியாகப் பிடிகள் செய்ய வேண்டும். உருளையை விடுவித்திருக்கும்போது அதற்கும் டயருக்கும் 20 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். டயரில் காற்று குறைந்தால் இந்தக் கணக்கே மாறி, மாட்டியும் பிடிக்காது. என் கோளாறுகளில் பாதி காற்றுக் கோளாறு. மூவரின் 30 கிலோ சொச்சத்தையும் நீங்கள் ஏற்றுகிற சாமானில் கழித்துக்கொள்ளுங்கள். கேரவனின் நாலு மூலைக் கால்களையும் தூக்கிவிட்டுக் கிளப்புங்கள். என்னுடையதில் ஒரு கால் வளைந்தே இருக்கிறது.

சிமெண்ட் தரையும் சின்ன ட்ரெய்லரும் என்றால் முன்சக்கர மோட்டார். சரிவும் கெட்டித் தரையும் என்றால் ரோலர், பிரேக்கை மறக்காத ஆளாக இருந்தால் பட்டன். கரிசல் என்றால் கை நெம்பு ரோலர், கூடவே 20 பச்சை மட்டை. மழை வலுத்துவிட்டால் நான் மூவரைத் தொடுவதே இல்லை. ரோட்டோரம் பக்கத்துத் தோட்டத்து மாமாவின் களத்தில் கேரவனை விட்டுவிட்டு நடந்து வருகிறேன். அவர் கேரவனுக்குள் இரண்டு மாசமாகத் தேங்காய் அடுக்கி வைத்திருக்கிறார், கேட்க எனக்கு வாய் வரவில்லை.