ஆர்க்கிட் காயத்துக்குப் பட்டைத்தூள்: ஆறு வருடம் பயன்படுத்திய அனுபவம்

இலையிலும் தண்டிலும் வெட்டிய இடத்துக்குச் சமையலறைப் பட்டைத்தூளை நம்பி வைக்கலாம். வேரில் மட்டும் வைக்கவே கூடாது. இந்த இரண்டாவது விஷயத்தைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு நல்ல ஃபெலநாப்சிஸ் வகை ஆர்க்கிட் செலவானது.

சென்னையில் மொட்டைமாடி நிழல்வலைக்குக் கீழே நாற்பது தொட்டி வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் டென்ட்ரோபியம், மீதி ஃபெலநாப்சிஸும் வாண்டாவும். வெயில் காலத்தில் ஒரு இலை ஒடிந்தால் அந்தக் காயம் தானாகக் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அப்படி இல்லை. நாள் முழுக்க ஈரம், காற்றும் அசையாது. காலையில் பொட்டளவு இருந்த கருப்பு இரண்டே நாளில் பாதி இலையைத் தின்றிருக்கும்.

முதல் வருடம் அந்த ஃபெலநாப்சிஸைத் தொட்டி மாற்றியபோது அழுகிய வேர்களை நறுக்கிவிட்டு, நல்ல வேர்கள் மேலும் சேர்த்துப் பட்டைத்தூளைத் தாராளமாகத் தூவினேன். பத்து நாளில் பச்சை வேர்கள் எல்லாம் சுருங்கி நூலாகிவிட்டன. ஆர்க்கிட் வேரைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பஞ்சுத் தோல்தான் தண்ணீரை உறிஞ்சுவது. பட்டைத்தூள் ஈரத்தை இழுத்துக் காயவைக்கும். வெட்டுவாயில் எது நமக்கு வேண்டுமோ, வேரில் அதுவே செடியைக் கொல்லும். இப்போதெல்லாம் அழுகிய வேரை நறுக்கினால் எதையும் தூவுவதில்லை. செடியை ஒரு நாள் நிழலில் அப்படியே வைத்துவிட்டு, மறுநாள் காய்ந்த கரியிலும் தேங்காய் மட்டையிலும் நடுகிறேன்.

இலையில் நான் செய்வது: கருப்பு தெரியும் இடத்தோடு நிறுத்தாமல், பச்சைப் பகுதிக்குள் ஒரு விரற்கடை உள்ளே போய் வெட்டுகிறேன். ஓரத்தில் துளி பழுப்பு விட்டாலும் அங்கிருந்தே மறுபடி ஆரம்பிக்கும். வெட்டுவாயில் கசியும் நீர் நின்ற பிறகு, சலித்த பட்டைத்தூளைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் ஒற்றுகிறேன். மூன்று நாள் அந்த இலையில் தண்ணீர் படக்கூடாது, தொட்டியை மழை விழாத இடத்துக்கு மாற்றிவிடுவேன். நான்காம் நாள் தூளைத் தட்டிவிட்டுப் பார்த்தால் ஓரம் காகிதம் போல உலர்ந்திருக்க வேண்டும். ஈரமாகத் தெரிந்தால் இன்னும் கீழே வெட்டியாக வேண்டும். இலங்கைப் பட்டைதான் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். மளிகைக்கடையில் கிடைக்கும் தடித்த பட்டையையே அரைத்துப் பயன்படுத்துகிறேன், நன்றாகவே வேலை செய்கிறது. பூஞ்சையைத் தடுக்கும் சின்னமால்டிஹைடு இரண்டிலும் உண்டு. மஞ்சள்தூளும் ஒரு வருடம் வைத்துப் பார்த்தேன். மழை ஈரத்தில் கட்டிதட்டி, அடியில் ஈரத்தைப் பிடித்துவைத்ததால் விட்டுவிட்டேன்.

எல்லா அழுகலும் பூஞ்சை அல்ல என்பது புரிய எனக்கு இரண்டு மழைக்காலம் பிடித்தது. இலை வேகவைத்தது போலக் கொழகொழத்து, நாற்றம் வந்தால் அது பெரும்பாலும் பாக்டீரியா. அதற்குக் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி பயன்படாது. தண்டின் அடியிலிருந்து கருப்பாக ஏறும் அழுகலுக்குப் பெரும்பாலும் ஃபைட்டோப்தோரா, பித்தியம் என்ற நுண்ணுயிரிகள் காரணம். அவை உண்மையான பூஞ்சைகள் அல்ல, அவற்றுக்கும் கார்பென்டாசிம் வேலை செய்யாது. இந்தத் தண்டழுகலுக்கு மெட்டாலாக்சிலும் மான்கோசெப்பும் சேர்ந்த மருந்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு தெளிக்கிறேன். தாமிர மருந்துகளை டென்ட்ரோபியம் பக்கம் கொண்டுபோவதே இல்லை, அந்த இனத்துக்குத் தாமிரம் ஒத்துக்கொள்ளாது.

தூளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பிளேடு. ஆரம்பத்தில் ஒரே கத்தரிக்கோலால் வரிசையாக ஆறு செடிகளை வெட்டியிருக்கிறேன். அடுத்த வருடம் அவற்றில் இரண்டின் புது இலைகளில் வெளிறிய கோடுகளும் குழிந்த கறைகளும் வந்தன. ஆர்க்கிட்டுகளில் பரவும் சிம்பிடியம் மொசைக் வைரஸ், ஓடான்டோகிளாசம் வளையப்புள்ளி வைரஸ் இரண்டுமே வெட்டுக்கருவியின் சாறு வழியாகத் தொற்றுபவை, மருந்தும் கிடையாது. அந்த இரண்டு செடிகளையும் தூக்கி எறிந்தேன். கையில் வளர்த்த செடியைக் குப்பையில் போடுவது கொடுமை. ஸ்பிரிட்டில் துடைத்தால் அந்த வைரஸ்கள் சாகும் என்று நம்ப முடியாது. அன்றிலிருந்து செடிக்கு ஒரு புதுச் சவரப் பிளேடு. தடித்த தண்டாக இருந்தால் கத்தியை அடுப்புத் தீயில் சிவக்கக் காட்டி, ஆறிய பிறகு வெட்டுகிறேன்.

டென்ட்ரோபியத்தில் ஒரு தண்டு போனால் இன்னொன்று முளைக்கும். ஃபெலநாப்சிஸுக்கு ஒரே குருத்துதான், அதில் அழுகல் வந்தால் பட்டைத்தூள் காப்பாற்றியதை நான் பார்த்ததில்லை. அதனால் மழைநாட்களில் சாயங்காலம் டிஷ்யூ காகிதத்தைத் திரித்துக்கொண்டு மாடிக்குப் போய், ஒவ்வொரு ஃபெலநாப்சிஸின் குருத்திலும் தேங்கிய தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டுத்தான் கீழே இறங்குகிறேன். மூன்று வருடமாக ஒரு குருத்துகூட அழுகவில்லை.