மூன்று நாள் வகுப்பா, தினமும் கால் மணி நேரமா?

கான்கிரீட் கழிவை உடைத்து ஜல்லியாக்கும் ஆலையிலிருந்து எங்கள் லாரி சுமையோடு திரும்பி வந்த நாளில்தான் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கும் யோசனை தொடங்கியது. 'கான்கிரீட்' என்று சீட்டு எழுதி அனுப்பிய சுமைக்குள் பொய்க்கூரைக்கும் தடுப்புச் சுவருக்கும் போடும் ஜிப்சம் பலகைத் துண்டுகள், ஒயர் ஓடும் குழாய்கள், இரண்டு சிமெண்ட் சாக்குகள். ஏற்றியவர்களைக் கேட்டேன். "எல்லாம் இடிபாடுதானே?" என்றார்கள். எது எதோடு சேரக்கூடாது என்று நான் ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. அதனால் திட்டவும் வாய் வரவில்லை. அதே வாரம் ஒருவர் காலில் ஆணி ஏறியது. பலகையை ஆணியோடு குவியலில் வீசியிருந்தார்கள். மரத்தைத் தனியாகப் பிரித்து, ஆணியைப் பிடுங்கி அடுக்கும் பழக்கம் இருந்திருந்தால் அந்தக் கால் தப்பியிருக்கும்.

பழைய கட்டடங்களை இடித்துப் புதுப்பிக்கும் சிறு குழு எங்களுடையது; வழக்கமாக இருபத்தைந்து முப்பது பேர் இருப்போம். பாதுகாப்பு, கழிவு பிரித்தல் இரண்டுக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுப்பது என்று முடிவானதும் மூன்று வழிகள் கண்ணில் பட்டன. பயிற்சி மையத்துக்கு அனுப்பி மூன்று நாள் வகுப்பு, தேர்வு, அடையாள அட்டை என்பது ஒன்று. வேலை நடக்கும் இடத்திலேயே தினமும் காலையில் கால் மணி நேரம், வாரத்துக்கு ஒருமுறை அரை நாள் செய்முறை என்பது இன்னொன்று. கைபேசியில் காணொளிப் பாடம் மூன்றாவது. முதலாவதைப் பதினெட்டுப் பேருக்குச் செய்து பார்த்தேன். இரண்டாவதில் ஒன்றரை ஆண்டாக இருக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

காணொளியை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். மூன்றே பேரிடம்தான் கொடுத்துப் பார்த்தேன், தீர்ப்புச் சொல்ல அது போதாது. ஹெல்மெட்டின் நாடாவை எவ்வளவு இறுக்குவது, தீயணைப்பானின் ஊசியை எப்படி இழுப்பது என்பதற்கெல்லாம் படம் நன்றாகவே உதவுகிறது. ஆனால் மூவரில் ஒருவர் படத்தை ஓடவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பாடத்தை நூறு விழுக்காடு முடித்துவிட்டதாகக் கைபேசி அவரைப் பாராட்டியது.

மையத்தின் பெருமைகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். உயரத்தில் வேலை செய்பவர் பாதுகாப்புப் பட்டையில் தொங்கிப் பார்க்கத் தனி மேடை அங்கே இருந்தது. கீழே விழுந்து தொங்கினால் தொடை நாடா எப்படி அறுக்கும், உதவி வரும் வரை எப்படித் தாக்குப்பிடிப்பது என்பதை விழாமலே தெரிந்துகொண்டார்கள். இதை என் வேலைத்தளத்தில் நான் செய்துகாட்டத் துணிய மாட்டேன். சாரம் கட்டுதல், மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுதல், குழி தோண்டும்போது பக்கச் சுவருக்கு முட்டுக்கொடுத்தல் போன்றவை தவறு செய்து கற்றுக்கொள்ளக்கூடிய பாடங்கள் அல்ல. அவற்றுக்கு மையம்தான்; அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது.

அட்டையும் சும்மா இல்லை. பெரிய நிறுவனங்களுக்கு வேலை செய்யப் போனால் வாயிலிலேயே கேட்கிறார்கள். 2018-இல் வந்த ஐஎஸ்ஓ 45001 என்ற சர்வதேசப் பணிப் பாதுகாப்புத் தரநிலையும், ஆட்களுக்குத் திறமை இருப்பதற்கான சான்றை நிறுவனம் கையில் வைத்திருக்கச் சொல்கிறது. தொழிலாளியின் பக்கம் நின்று பார்த்தால் அட்டை அவருக்கு ஒரு சொத்து. பழைய வண்டி வாங்கும்போது விற்றால் என்ன கிடைக்கும் என்று பார்ப்போமே, அந்த மதிப்பு அட்டைக்கு உண்டு. என்னை விட்டுப் போனாலும் அது அவர் சட்டைப்பையில் போகும். நான் தளத்தில் சொல்லிக்கொடுத்ததற்கு அடுத்த முதலாளியிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இது என் வழியின் உண்மையான குறை. தேதி, தலைப்பு, கையெழுத்து என்று ஒரு நோட்டில் எழுதி, போகிறவருக்கு ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொடுக்கிறேன். அதை யாராவது மதித்தார்களா என்று இதுவரை செய்தி இல்லை.

செலவைப் பற்றி ஒன்றுதான். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு உடன்படிக்கை, 155-ஆம் எண், பாதுகாப்பு ஏற்பாடுகளின் செலவு தொழிலாளி தலையில் விழக்கூடாது என்கிறது. கட்டுமானத் தொழிலுக்கென்றே 1988-இல் வந்த 167-ஆம் எண், ஆபத்துகளைத் தெரிவிப்பதையும் பயிற்சி கொடுப்பதையும் கட்டாயமாகச் சேர்க்கிறது. எந்த வழியைத் தேர்ந்தாலும் பயிற்சி நேரத்துக்குக் கூலி உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு நடத்தும் பயிற்சியை ஒப்பிட்டுப் பார்க்கவே வேண்டியதில்லை.

இனி என் முடிவைத் திருப்பிய விஷயத்துக்கு வருகிறேன்: பராமரிப்பு. மிக்ஸர் எந்திரம் வாங்கும்போது அதைப் பற்றிக் கேட்கிறோம், பயிற்சி வாங்கும்போது கேட்பதில்லை. மையத்துக்கு அனுப்பிய பதினெட்டுப் பேரில் ஐந்து மாதம் கழித்து என்னிடம் இருந்தவர்கள் ஏழு பேர். கட்டுமான வேலையில் ஆட்கள் வருவதும் போவதும் இயல்பு. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பதினோரு இடத்தில் புதியவர்கள் வந்து நின்றபோது, மூன்று நாள் வகுப்பு எனக்கு ஒரு முறை கொட்டிய தண்ணீராகத் தெரிந்தது. அடுத்த தொகுதி சேரும் வரை மையம் காத்திருக்கச் சொல்லும். அதுவரை புதியவர் குவியல் அருகேதான் நிற்பார். முதல் வாரத்திலேயே அவருக்கு ஆணியும் இருக்கும், தூசியும் இருக்கும்.

இருந்த ஏழு பேரிடமும் பாடம் இருந்ததா? அதைச் சோதிக்க ஒரு நாள் ஒரு வெள்ளைத் துண்டை நீட்டினேன். ஈரமாக, சிமெண்ட் தூசி படிந்து கிடந்த ஜிப்சம் பலகை. ஐந்து பேர் அதைச் சுவர்ப் பூச்சு என்றார்கள். ஒருவர் சொன்னதை மறக்க முடியவில்லை: "வகுப்பில் காட்டியது சுத்தமாக, பெயர் எழுதி ஒட்டி இருந்தது, சார்." எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதியின் பெரும்பங்கு தொடக்க மணி நேரங்களிலேயே நடந்துவிடுகிறது, இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிற்கிறது என்பது அவர் கண்டது. கழிவின் பெயர்கள் அர்த்தமற்ற அசைகள் இல்லைதான். ஆனாலும் மூன்று நாளில் நாற்பது பெயரைத் தலையில் ஏற்றினால் ஏறக்குறைய அப்படித்தான் ஆகிவிடுகின்றன.

பயிற்சி எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பதில் உலகத்துக்கே ஒருமித்த கருத்து இல்லை. ஆஸ்திரேலியாவில் கட்டுமானத் தொழிலாளிக்குக் கொடுக்கும் 'வெள்ளை அட்டை', இரண்டு ஆண்டு கட்டுமான வேலையே செய்யாமல் இருந்தால் காலாவதி. பிரிட்டனில் கைதேர்ந்த கட்டுமானத் தொழிலாளியின் அட்டை வழக்கமாக ஐந்து ஆண்டு. அமெரிக்க அரசின் பத்து மணி நேரப் பாதுகாப்புப் பாடத்துக்குக் கூட்டாட்சி அளவில் காலாவதியே இல்லை. அதே நாட்டில் நியூயார்க் நகரம் பெரிய தளங்களின் தொழிலாளிக்கு நாற்பது மணி நேரம் கேட்கிறது, ஐந்து ஆண்டுக்குப் பிறகு புதுப்பிக்கவும் சொல்கிறது. ஒருவர் இரண்டு ஆண்டு என்கிறார், ஒருவர் ஐந்து, ஒருவர் ஆயுள் முழுவதும். என் ஏழு பேர் ஐந்து மாதம்.

தளத்துப் பயிற்சியில் நான் செய்வது சிக்கலானதில்லை. காலையில் அன்று எந்தச் சுவர் இடிக்கப்படுகிறதோ அதிலிருந்து வரப்போகும் பொருள்களை மட்டும் பேசுவோம். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் திருத்திய கழிவுச் சட்டத்தில் மரம், கல் வகை, உலோகம், கண்ணாடி, பிளாஸ்டிக், ஜிப்சம் என்று ஆறு கூறாகப் பிரிக்க ஏற்பாடு செய்யச் சொல்கிறது. எனக்கு அந்த ஆறு போதுமான வரைபடம். ஆறு தொட்டி, ஆறு நிறம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்காக ஒவ்வொரு தொட்டியிலும் பொருளின் துண்டையே கட்டித் தொங்கவிட்டோம். அந்தத் துண்டுகள் மறுநாளே தூசி படிந்து அழுக்காயின. அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன், குவியலில் கிடப்பதும் அப்படித்தான் இருக்கிறது.

ஜிப்சத்துக்கு ஒரு வாரம் முழுவதும் செலவிட்டோம். கான்கிரீட்டோடு அது போனால் அதிலுள்ள சல்பேட் பிறகு சிமெண்டோடு சேர்ந்து வீங்கி வெடிப்பு உண்டாக்கும். குப்பை மேட்டில் ஈரத்தோடும் மட்கும் பொருளோடும் காற்றில்லாமல் புதைந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவைக் கிளப்பும். இதையெல்லாம் வகுப்பிலும் சொல்லியிருந்தார்கள். தளத்தில் நாங்கள் கூட்டியது விரல் நகம். ஜிப்சம் மென்மையான கனிமம், நகத்தால் கீறினால் கோடு விழும். கான்கிரீட்டில் நகம்தான் தேயும். நுரைக் கான்கிரீட் கட்டியும் வெண்மையாக இருந்து குழப்புகிறது. அது கையில் எடுத்தாலே லேசு, தண்ணீர் வாளியில் போட்டால் மிதக்கும், ஊறிக் குழையாது; ஜிப்சம் பலகை ஊறிக் குழையும். சந்தேகம் வந்தால் நகம், பிறகு வாளி. இரண்டே வாரத்தில் இது விளையாட்டுப்போல் ஆகிவிட்டது. புதியவரைப் பழையவர் வாளி அருகே அழைத்துப் போய்க் காட்டுகிறார். நான் அங்கே இல்லாதபோதும் பாடம் நடப்பதைப் பார்த்த பிறகுதான் இந்த வழியை நம்பத் தொடங்கினேன். அதற்குப் பிறகு ஜிப்சம் கலந்ததென்று ஒரே ஒரு சுமைதான் திரும்பியது. பயிற்சிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், அந்த மாதங்களில் இடித்த கட்டடங்களில் ஜிப்சமே குறைவாக இருந்திருக்கலாம்.

தூசி இன்னும் கடினமான பாடம். கான்கிரீட், செங்கல், ஓடு எல்லாவற்றிலும் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா என்ற கனிமம் உண்டு. நுரையீரலின் ஆழத்துக்குப் போகும் துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, கண்ணுக்குத் தெரிகிற புகைமண்டலம் அடங்கிய பிறகும் அது மிதந்துகொண்டிருக்கும். அமெரிக்காவில் 2016-இல் வந்த விதி எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. இதை எண்ணாகச் சொன்னால் யாருக்கும் உறைப்பதில்லை. முதலில் தண்ணீர் தெளி, மாஸ்க்கைப் போட்டுக்கொள், பிறகு கூட்டு. இந்த வரிசையைக் கைக்குப் பழக்குவதுதான் வேலை. தாடி வைத்தவருக்கு மாஸ்க் முகத்தோடு ஒட்டாது என்பதைச் சொல்லி நான் சம்பாதித்த கெட்ட பெயர் கொஞ்சமல்ல.

தளத்துப் பயிற்சிக்குப் பராமரிப்புச் செலவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். காலைப் பேச்சை நடத்திய மேஸ்திரி ஒரு மாதம் விடுப்பில் போனார். நான் போய்ப் பார்த்தபோது அது பெயர் கூப்பிடும் வேலையாக மாறியிருந்தது. அதைவிட மோசமானது ஒன்று: உலர்ந்த தூசியைத் துடைப்பத்தால் கூட்டும் பழக்கம் அவரிடமே இருந்தது, அவரிடம் கற்றவர்கள் எல்லோரும் அதையே அழகாகச் செய்தார்கள். மையத்தில் இந்தத் தவறு நடந்திருக்காது. தளத்தில் நல்ல பழக்கம் பரவும் அதே வேகத்தில் கெட்டதும் பரவுகிறது. இப்போது இரண்டு பேர் மாறி மாறி நடத்துகிறார்கள். மாதம் ஒருமுறை, வெளியிலிருந்து ஒரு பாதுகாப்பு அலுவலர் முன்கூட்டியே சொல்லாமல் வந்து நின்று பார்க்கிறார். அவருக்குப் பணம் கொடுக்கிறேன், அது பராமரிப்புச் செலவுதான். ஆனாலும் பதினோரு பேரை மறுபடி மூன்று நாள் அனுப்புவதோடு ஒப்பிட்டால் எனக்கு இது தாங்குகிறது. இருநூறு பேர் இருக்கும் தளத்துக்கு இந்தக் கணக்கு பொருந்துமா என்றால், அவ்வளவு பெரிய இடத்தை நான் நடத்தியதில்லை.

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) மட்டும் இந்த ஏற்பாட்டுக்குள் வராது. பழைய கூரைத் தகட்டிலும் குழாயைச் சுற்றிய பூச்சிலும் அது இருக்கக்கூடும். கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது, ஆய்வகத்தில் நுண்ணோக்கி வேண்டும். அதன் தூசியைச் சுவாசித்து வரும் நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால் தவறு செய்தவருக்குத் தவறு தெரியவும் தெரியாது. நகமும் வாளியும் கற்றுக்கொண்டு உற்சாகமாக இருந்த ஒருவர் அந்தத் தகட்டையும் உடைத்துப் பார்க்கப் போனார். நல்லவேளை, பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்தார். தொட்டுப் பார், கீறிப் பார் என்று பழக்கிய என் பயிற்சியே அந்த இடத்தில் ஆபத்தானது. அதனால் இப்போது முதல் நாள் முதல் பாடம் கல்நார்: நெளிவான சாம்பல் தகடு தெரிந்தால் கையைக் கட்டிக்கொண்டு நில், சொல்லி அனுப்பு. அதை அகற்றுவதற்கு உரிமம் பெற்றவர்களைத்தான் அழைக்கிறேன்.

அடுத்த மாதம் இரண்டு பேரை மையத்துக்கு அனுப்புகிறேன், இருவரும் சாரத்தில் ஏறுகிறவர்கள். மூன்றாவதாக அந்த மேஸ்திரியையும் போகச் சொன்னேன். இருபது ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு பரீட்சை எழுத வெட்கமாக இருக்கிறது என்றார். துடைப்பத்தைப் பற்றி அவரிடம் நான் இன்னும் நேரடியாகப் பேசவில்லை. கூட்டும் இடத்தில் தண்ணீர்க் குழாயை மட்டும் இழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன்.