பஸ்தர் போகிறவர்கள் கவனத்துக்கு: மழைக்காலத்தில் கோட்டும்சர் குகைக்கு யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்

சத்தீஸ்கரின் ஜக்தல்பூர் பக்கம் போகத் திட்டமிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் அனுப்புங்கள்.

கோட்டும்சர் சுண்ணாம்புக் குகை காங்கேர் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. ஜூன் பாதியில் மழை தொடங்கினால் அக்டோபர் வரை வனத்துறை அதை மூடிவிடும். வருடா வருடம் நடப்பது. அந்த ஊர் டிராவல்ஸ்காரர் ஒருவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை. ஆனாலும் ஆகஸ்டுக்கு எங்களிடம் குகை, தீரத்கட் அருவி, சித்ரகோட் அருவி, வண்டி, கைடு எல்லாம் சேர்த்து பேக்கேஜ் பேசி, ₹8,000 முன்பணம் வாங்கிக்கொண்டார். குகை திறந்திருக்குமா என்று வாட்ஸ்அப்பில் தெளிவாகக் கேட்டோம். திறந்திருக்கும் என்று பதில் போட்டார்.

பூங்கா வாசலில் போய் நின்றால் அனுமதி இல்லை. போன் செய்தோம். இன்று காலைதான் மூடினார்கள் என்றார், கூசாமல். ஜூனிலேயே மூடியாயிற்று என்று வாசலில் இருந்த காவலர் சொன்னார்.

பணம் போனதைவிட, அதற்குப் பிறகு அந்த ஆள் பேசியதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தலைக்கு இன்னும் ₹1,000 கொடுத்தால் காட்டு வழியாகக் குகைக்குள் கூட்டிப்போக ஆள் இருக்கிறதாம்! கூட அம்மாவும் என் சின்ன மகளும். குறுகலான வாய் வழியாக நிலத்துக்கு அடியில் இறங்க வேண்டிய குகை அது. மழை பெய்தால் வெள்ளம் உள்ளே புகுந்துவிடும். உள்ளே மாட்டிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? அந்த இருட்டுத் தண்ணீரில்தான் பார்வை மங்கி, நிறம் வெளுத்த மீன்கள் வாழ்கின்றன. வெள்ளம் அடித்துக்கொண்டு வரும் இலைதழைதான் அந்தக் குகையின் உயிர்களுக்கு ஆதாரம். மனிதர் காலடி படாத அந்த மாதங்களையும் விலை பேசுகிறார்கள்.

நாங்கள் மறுத்துவிட்டோம். முன்பணத்தைக் கேட்டால், அருவி பார்த்தீர்களே, கணக்கு சரியாகிவிட்டது என்கிறார்.

போவதென்றால் நவம்பருக்கு மேல் போங்கள். நுழைவுச் சீட்டை வனத்துறையின் வாசலிலேயே வாங்குங்கள், கைடும் அங்கேயே கிடைப்பார். பேக்கேஜ்தான் வேண்டுமென்றால், குகை மூடியிருந்தால் பணம் திரும்பத் தரப்படும் என்று எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்திகளையும் பணம் அனுப்பிய ரசீதையும் வைத்து 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறோம். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் கீழே எழுதுங்கள்.