ஐப்பசி மழைக்குக் கோழிக் கொட்டகையில் நார்த்தூள்

மன்னார்குடிப் பக்கம் கோழிக் கொட்டகைத் தரையில் பரப்பும் கூளம் என்றாலே உமிதான். நெல் விளையும் சீமையில் வேறு எதைத் தேடுவது? என் சிறுவிடைக் கோழிகளுக்கும் பல ஆண்டுகளாக உமியைத்தான் பரப்பி வந்தேன். கோடையில் அதற்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஐப்பசி பிறந்துவிட்டால் கதையே வேறு. உமியின் தோட்டில் சிலிக்கா அதிகம். தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. சாரலும், தண்ணீர்த் தட்டிலிருந்து சிந்துவதும் அடியில் இறங்கி, எச்சத்தோடு சேர்ந்து அடை அடையாகக் கட்டிப்போகும். காலையில் கதவைத் திறந்தால் அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். இரவெல்லாம் அதற்குள்ளேயே அடைந்து கிடக்கும் கோழிகளை நினைத்தால் மனம் பொறுக்காது.

அதனால் சென்ற மழைக்கு முன்பு, பேராவூரணிப் பக்கத்தில் நார் உரிக்கும் ஆலை ஒன்றிலிருந்து தென்னை நார்த்தூளை மூட்டையாக வாங்கிப் போட்டேன். நான்கு அங்குல உயரம். வண்டி வாடகையையும் சேர்த்தால் உமியைவிடச் செலவு கூடுதல்தான். ஆனாலும் கொடுத்த பணத்துக்கு வேலை செய்தது. தண்ணீர்த் தட்டைச் சுற்றி எப்போதும் சேறாகக் கிடக்கும் இடத்தில் தூள் கருத்து ஊறியிருந்தது. முள்வாரியால் இழுத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. உமியாக இருந்திருந்தால் மண்வெட்டி போட்டுப் பெயர்த்திருக்க வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் பொருள் ஈரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். கிளறி, காற்றுப் படவிட்டால்தான் காயும். வாரம் இரண்டு முறை கிளற முடியாதவர்கள் இதை வாங்க வேண்டாம். பதம் பார்க்கக் கருவி தேவையில்லை: ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து விரலை விரியுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. மெல்ல உடைந்து சரிந்தால் நல்ல பதம். பிடியே நிற்காமல் பறந்தால் தூசி. கோழிக்கு மூச்சிரைப்பு வரும்.

ஈர விஷயத்தில் அலட்சியம் கூடாது. இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியின் முட்டைகள் எச்சத்தோடு வெளியே வந்தபின், ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில் நோய் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். குஞ்சுகளைத்தான் முதலில் வாரிக்கொண்டு போகும். நனைந்த கூளத்தின் மேல் சுண்ணாம்பு தூவும் பழக்கம் எங்கள் தெருவில் உண்டு. அதனால் காரத்தன்மை ஏறி அம்மோனியா இன்னும் அதிகமாகக் கிளம்பும். நனைந்ததை அள்ளி எறிந்துவிட்டுக் காய்ந்ததைப் போடுவதே சரி.

குறை இல்லாமல் இல்லை. வந்த மூட்டைகளில் சில அடிப்பகுதியில் நசநசவென்று, பூஞ்சை வாடையோடு இருந்தன. பூஞ்சை பிடித்த கூளம் குஞ்சுகளின் நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் அவற்றைத் திருப்பி அனுப்பினேன். ஆலைக்காரர் முகம் சுளித்தாலும் மாற்றிக் கொடுத்தார். வாங்குகிறவர்கள் மூட்டையின் வாயை மட்டும் பார்க்காமல் அடிவரை கைவிட்டுப் பாருங்கள். புதிதாகப் பொரிந்த குஞ்சுகளுக்கு முதல் சில நாட்கள் மேலே காகிதம் விரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் தீவனம் என்று நினைத்துத் தூளைக் கொத்தித் தின்னும்.

இனி எனக்குத் தை முதல் புரட்டாசி வரை உமி, மழை மாதங்களில் நார்த்தூள். கழித்த கூளத்தை மக்கவைத்து வாழைக்கு வைக்கிறேன்.